தாவரத் திசுக்களின் வரலாறு

தாவரத் திசு என்பது பொதுவான தோற்றம் கொண்டு, குறிப்பிட்ட பணிக்காக இணைந்து செயல்படும் செல்களின் தொகுப்பாகும். திசுக்களை நுண்ணோக்கி வழியே அறிந்த வரலாறு 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. ஆனால் அவற்றின் விளைவைத் தமிழர் அதற்கு வெகுகாலம் முன்பே கவனித்திருந்தனர்.

பழந்தமிழ்ப் பகுப்பு

தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் அமைந்த இடத்தைக் கொண்டு தாவரங்களைப் பிரிக்கிறது. வெளிப்புறம் வைரமுடையவை புல். உட்புறம் வைரமுடையவை மரம். இதன்படி தென்னை, பனை, மூங்கில் ஆகியவை புல்லினத்தைச் சேரும்.

திண்டுக்கல் மாவட்டம் சித்தையன்கோட்டைப் பகுதியில் வளரும் ஒரு தென்னையை அறுத்துப் பார்த்தாலே இதன் காரணம் விளங்கும். அதன் வாஸ்குலார் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறியிருந்தாலும், ஓரத்தில் நெருங்கி, தடித்த நார்களுடன் அமைந்துள்ளன. நடுப்பகுதி மென்மையானது. வேம்பிலோ கேம்பியம் என்னும் ஆக்குத்திசு, உட்புறமாகப் புதிய கட்டையைச் சேர்த்துக்கொண்டே வருகிறது. பழைய கட்டை உள்ளே வைரம் பாய்கிறது. தென்னைக்குக் கேம்பியம் இல்லை. எனவே அதன் தண்டில் பட்ட காயம் புதுத் திசுவால் மூடப்படுவதில்லை.

நுண்ணோக்கிக் காலம்

1665இல் இராபர்ட் ஊக் தக்கையில் கண்ட சிற்றறைகளுக்குச் 'செல்' எனப் பெயரிட்டார். இங்கிலாந்தின் நெகேமியா குரூ மென்மையான உட்பகுதியைப் பாரன்கைமா என்றழைத்தார். அவரது 'தாவர உள்ளமைப்பியல்' 1682இல் வெளிவந்தது. இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி, பட்டையை வளையமாக உரித்தால் வெட்டுக்கு மேலே தண்டு பருப்பதைக் கண்டார். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியே இறங்குகிறது என்பதற்கு இது சான்றாயிற்று. 1858இல் கார்ல் நேகலி ஆக்குத்திசு, சைலம், புளோயம் ஆகியவற்றுக்குரிய அறிவியல் பெயர்களை வழங்கினார்.

வகைகளும் பணிகளும்

ஆக்குத்திசு: இடைவிடாது பிரிந்து புதிய செல்களைத் தரும், வேர் நுனியிலும் தண்டு நுனியிலும் இருக்கும்.

பாரன்கைமா: உணவைச் சேமிக்கும், பச்சையம் இருப்பின் உணவு தயாரிக்கும். நெல் வேரில் காற்றறைகளாகி, சேற்றிலும் வேர் சுவாசிக்க உதவும்.

கோலன்கைமா: இளந்தண்டுக்கும் இலைக்காம்புக்கும் வளையும் உறுதி தரும்.

ஸ்கிளிரன்கைமா: முதிர்ந்தபின் பெரும்பாலும் இறந்த செல்களால் ஆனது, தேங்காய்ச் சிரட்டையின் கடினம் இதனால் வருகிறது.

சைலம்: நீரையும் கனிம உப்புகளையும் மேலே கடத்தும்.

புளோயம்: உணவைத் தேவையான உறுப்புகளுக்குக் கடத்தும்.

புறத்தோல்: உடலைப் போர்த்தி, நீரிழப்பைக் குறைக்கும்.

இன்றைய பயன்

சித்தையன்கோட்டைக்கு மேற்கே எழும் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழை, முடிக்கொத்து நோயால் பெரிதும் அழிந்தது. இந்நோயின் வைரஸ் புளோயத்தில் தங்கிப் பரவுவது. தண்டின் உச்சியிலுள்ள ஆக்குத்திசுவிலோ புளோயம் இன்னும் உருவாகியிராது. ஆகவே அங்கு வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த நுனியை எடுத்து வளர்த்து, சோதனைக்குப்பின் நோயற்ற கன்றுகளைப் பெறலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு முறையில் இவ்வாழையை மீட்கும் பணியை மேற்கொண்டது. நேகலி பெயரிட்டுப் பிரித்துக் காட்டிய இரு திசுக்களின் வேறுபாடே இங்கு ஒரு மலைப்பயிருக்கு மறுவாழ்வு தரும் வழியாயிற்று.