பனிக்கட்டி மாளிகைகள்

மார்கழியும் தையும் டில்லியில் கழித்த தமிழர் எவரும் குளிரைப்பற்றிப் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை போதாதென்று கண்டு, ரஜாய் ஒன்று தைக்கக் கொடுத்து, அதற்குள் புகுந்த பின்னும் கால்விரல் மரத்துக் கிடந்ததை அனுபவித்தவர்கள் அவர்கள். கதவிடுக்கில் கந்தல் திணித்துக் காற்றைத் தடுப்பதே அவர்களுடைய அன்றாட முயற்சி. சுவரும் கூரையும் தூணும் கட்டிலும் பனிக்கட்டியாகவே அமைந்த ஒரு வீட்டில், பணம் கொடுத்து ஓரிரவு படுத்துறங்க உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் போகிறார்கள் என்று கேட்டால் அவர்கள் நகைக்கவே செய்வர். நானும் நகைத்தவன்தான். அவ்வீட்டுக்கு முன்பு இருந்த பனி வீடுகளின் வரலாற்றைப் படித்தபோது அந்நகைப்பு அடங்கிவிட்டது.

அவ்வீடு ஸ்வீடன் நாட்டின் வடகோடியில், யூக்கஸ்யார்வி என்னும் சிற்றூரில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். இரும்புச் சுரங்க நகரமாகிய கிருணாவுக்கு அண்மையில், டோர்ன் ஆற்றின் கரையில் அமைந்த ஊர். சாமி என்னும் பழங்குடி மக்கள் துருவ மான்களை மேய்த்து வாழும் பூமி அது. (நம்முடைய சாமிக்கும் அவர்கள் பெயருக்கும் தொடர்பு ஏதுமில்லை.) டிசம்பரில் சில வாரங்கள் கதிரவன் அங்கே அடிவானத்துக்கு மேல் தலைகாட்டுவதில்லை, மே இறுதியிலிருந்து ஜூலை நடுவரையில் அவன் மறைவதுமில்லை. இவ்விரண்டையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

பனிக்கட்டியால் மாளிகை எழுப்புவது யூக்கஸ்யார்வி மக்கள் முதன்முதலாகக் கண்ட புதுமையன்று. அதன் வரலாற்றில் மிகப் புகழ்பெற்றது 1740ஆம் ஆண்டு ருஷ்யத் தலைநகராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், நேவா ஆற்றங்கரையில், குளிர்கால அரண்மனைக்கும் கடற்படை மாளிகைக்கும் இடையே எழுந்தது. அக்குளிர்காலம் ஐரோப்பா முழுவதையும் வாட்டிய கொடுங்குளிர்காலம். துருக்கியரோடு நடந்த போர் முடிந்து உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. கொண்டாட்டங்களை விரும்பிய அன்னா சக்கரவர்த்தினியின் உள்ளம் குளிரும்படி ஒரு விசித்திரம் வேண்டுமென்று அமைச்சர் வோலின்ஸ்கி திட்டமிட்டார். கட்டும் பொறுப்பு எரோப்கின் என்னும் சிற்பியிடம் வந்தது.

எரோப்கின் தம் தொழிலில் தேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. நேவாவில் உறைந்திருந்த பனியில் மிகத் தெளிந்த பகுதிகளைத் தேர்ந்து, சதுரக்கற்களைப்போல் அறுத்தெடுத்து, அளவுகோலும் வட்டக்கருவியும் கொண்டு சீராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். சுண்ணாம்புக் காரைக்குப் பதிலாக இடையிடையே தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் நொடியில் உறைந்து இரு கற்களையும் ஒரு கல்லாக்கியது. மாளிகையின் நீளம் 56 அடி, அகலம் 17½ அடி, உயரம் 21 அடி. வாசலில் பனிக்கட்டியாலான ஆறு பீரங்கிகள் நின்றன. மெய்யாகவே மருந்து கெட்டித்துச் சுட்டார்கள், பீரங்கி உடையவில்லை. பாரசீக உடையணிந்த உருவங்களோடு, உயிருள்ள யானையின் அளவில், ஒரு பனிக்கட்டி யானையும் நின்றது. பகலில் அது துதிக்கையால் தண்ணீர் பீய்ச்சும்; இரவில் எரியும் எண்ணெயை உமிழும். வயிற்றினுள்ளே ஓர் ஆள் ஒளிந்திருந்து ஊதுகுழலால் பிளிறுவான். உள்ளே சென்றால் பனிக்கட்டி மேசை. அதன்மேல் பனிக்கட்டிக் கடிகாரம். கணப்பில் பனிக்கட்டி விறகு. அவ்விறகின்மீது எண்ணெய் தடவிக் கொளுத்துவார்களாம். மறு அறையில் பனிக்கட்டிக் கட்டில், பனிக்கட்டி மெத்தை, பனிக்கட்டித் தலையணை, இரண்டு பனிக்கட்டி இரவுத் தொப்பிகள்.

இத்தனையும் நமக்குத் தெரிவது விஞ்ஞானக் கழகத்து அறிஞர் கிராஃப்ட் என்பவரால். மறு ஆண்டிலேயே படங்களோடு ஒரு நூலாக அதை அவர் வெளியிட்டார். பனிக்கட்டியின் உறுதி எத்தகையது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதிலேயே அவருடைய கருத்து. அக்கட்டிலில் யார் படுக்க நேர்ந்தது என்ற செய்தியில் அவருக்கு நாட்டமில்லை. நாம் அதைக் கடந்துபோக முடியாது.

மிகயில் கோலிட்சின் ருஷ்யாவின் மிகத் தொன்மையான பிரபு குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர். இத்தாலியில் இருந்தபோது கத்தோலிக்கப் பெண் ஒருத்தியை மணந்தார். அதுவே குற்றமாயிற்று. சக்கரவர்த்தினி அம்மணத்தை ரத்துசெய்து, அவரைத் தன் அவையில் விதூஷகனாக்கினாள். விருந்தினருக்கு க்வாஸ் என்னும் பானம் ஊற்றிக் கொடுப்பது அவருக்கு வேலை. ஐம்பது வயதைக் கடந்த அந்த மனிதருக்கு, அவையில் வேடிக்கை காட்டப் பணிக்கப்பட்டிருந்த கல்மிக் இனத்துப் பெண்ணொருத்தியை மணமுடித்து வைப்பதென்று பிறகு முடிவாயிற்று. அவளுடைய சொந்தக் குடிப்பெயர்கூட நிலைக்கவில்லை. அவள் விரும்பி உண்ட பன்றி இறைச்சிப் பண்டத்தின் பெயராலேயே புஷெனினோவா என்று அவளை அழைத்தார்கள். 1740 பிப்ரவரியில் அத்திருமணம் நடந்தது. பேரரசின் பல இனத்தாரிலிருந்தும் இணை இணையாக ஆட்களை வரவழைத்து, அவரவர் உடையில், மானும் நாயும் ஒட்டகமும் பிற விலங்குகளும் இழுத்த வண்டிகளில் ஊர்வலம் விட்டார்கள். மணமக்களை ஓர் இரும்புக் கூண்டில் அடைத்து யானைமேல் ஏற்றினார்கள். விருந்து முடிந்ததும் பனிக்கட்டி அறைக்குள் விட்டு, வெளியேறாதபடி வாசலில் காவலரை நிறுத்தினார்கள். விடியும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இருவரும் பிழைத்தார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்குப் பின்னாளில் பல கதைகள் கிளம்பின. அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அம்மாளிகையை எழுப்பியவர்களின் முடிவு கதையன்று. அதே ஆண்டு கோடையில் அரசதுரோகக் குற்றம் சாட்டப்பட்டு வோலின்ஸ்கியும் எரோப்கினும் தலையிழந்தனர். அக்டோபரில் சக்கரவர்த்தினியும் மாண்டாள். மாளிகை அதற்கு முன்பே, மார்ச் இறுதியிலிருந்து, சிறிது சிறிதாகச் சரிந்துவிட்டிருந்தது. கரையாது எஞ்சிய பெரிய கட்டிகளை அரண்மனையின் பனிக்கட்டி நிலவறைக்கு எடுத்துச் சென்று, கோடையில் பானம் குளிர்விக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நூறாண்டுக்குமேல் கழித்து இக்கலை அட்லாண்டிக்கைக் கடந்தது. 1883இல் கானடாவின் மான்ட்ரீல் நகரத்தார் தங்கள் குளிர்காலத் திருவிழாவுக்கென்று ஒரு பனிக்கட்டி அரண்மனை கட்டினர். 1885இல் அந்நகரை அம்மை வாட்டியதால் மறு ஆண்டு விழா நின்றது. 1886இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரம் அம்மான்ட்ரீல் சிற்பியையே அழைத்துத் தன் அரண்மனையைக் கட்டிக்கொண்டது. அவை ஊரார் வேடிக்கை பார்க்க எழுந்தவை; எவரையும் சிறையிட எழுந்தவையல்ல.

ஆற்றுப் பனியைக் கோடையிலும் கரையாமல் காக்கும் வித்தையில் நமக்கும் ஒரு பங்குண்டு. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் அறிந்திருக்கலாம்: 1833இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பல், 180 டன் பனிக்கட்டியோடு நான்கு மாதம் கடலில் வந்து ஹூக்ளியை அடைந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது. வைக்கோலும் மரத்தூளும் செய்த மாயம். வணிகர் டியூடர் அனுப்பிய அப்பனிக்காகக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது. விவேகானந்தர் 1897இல் தங்கிய இடமாதலால் அவர் பெயரைத் தாங்கினும், ஊரார் வாயில் அது ஐஸ் ஹவுஸ்தான்.

இனி யூக்கஸ்யார்விக்குத் திரும்புவோம். அவ்வூரில் உல்லாசப் பயணிகளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துவந்தவர்களுள் யிங்வே பெர்க்விஸ்ட் ஒருவர். பயணிகள் கோடையில்தான் வந்தார்கள்: நள்ளிரவுக் கதிரவனைக் காணவும், ஆற்றில் படகு விடவும். இருட்டும் குளிரும் சூழ்ந்த மாதங்களில் அங்கே எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரில் ஏராளமாகக் கிடைத்ததோ அவ்விரண்டுமே. 1989இல் ஜப்பானியப் பனிச் சிற்பிகள் அவ்வூருக்கு வந்து தங்கள் கலையைக் காட்டினார்கள். 1990 வசந்தத்தில், வெண்பனியால் உருளை வடிவாக எழுப்பிய கூடத்தில் பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். ஓரிரவு ஊரில் தங்க அறை கிடைக்கவில்லை. வந்தவர்களில் சிலர், அக்கூடத்திலேயே படுத்துக்கொள்கிறோமென்று அனுமதி கேட்டார்கள். துருவ மானின் தோலை விரித்து, உறைபோன்ற படுக்கைப் பைகளுக்குள் புகுந்து உறங்கினார்கள். காலையில் எழுந்தவர்கள் குளிரைப்பற்றிக் குறை கூறவில்லை. நன்றாக உறங்கினோம் என்றார்கள். பனிக்கட்டி விடுதி பிறந்த வரலாறு இவ்வளவே. திட்டமிட்டுத் தொடங்கியதாகச் சொல்லியிருந்தால் நான் இதை இவ்வளவு விரும்பியிருக்கமாட்டேன்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் அது புதிதாக எழுகிறது. மார்ச் மாதத்தில் டோர்ன் ஆற்றின் பனி தடித்திருக்கும்போது, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள கட்டிகளாக அறுத்தெடுத்துக் குளிர்க் கிடங்கில் சேமிக்கிறார்கள். அக்கட்டிகள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஓடும் நீர் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல உறைகையில், காற்றுக் குமிழிகளையும் தூசியையும் நீரோட்டம் அடித்துச் சென்றுவிடும். நம் வீட்டுக் குளிர்பெட்டியில் உறையும் கட்டி நடுவில் வெளுத்திருப்பது அக்குமிழிகள் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொள்வதால். சுவருக்கும் கூரைக்கும் வேறொரு பொருள். வெண்பனியையும் பனிக்கட்டியையும் கலந்த அதற்கு ஸ்நைஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இரும்பு அச்சுகளின்மீது அதனைத் தூவி, இறுகியதும் அச்சை உருவிவிட்டால் வளைந்த கூரை தானே நிற்கும். வெண்பனிக்குள் சிறைப்பட்ட காற்று கம்பளியைப்போல் செயற்படுவதால், வெளியே 30 டிகிரி உறைநிலைக்குக் கீழே இருப்பினும் உள்ளே 5 முதல் 8 டிகிரி வரையிலேயே கீழே நிற்கிறது.

உள்ளே நுழைபவர் முதலில் உணர்வது குளிரையன்று, நிசப்தத்தை. வெண்பனிச் சுவர் ஓசையை விழுங்கிவிடுகிறது. பேசுகிறவர் தம்மையறியாமலே குரலைத் தாழ்த்துகிறார். கூடத்தின் இருமருங்கும் பனிக்கட்டித் தூண்கள். மேலே பனிக்கட்டி மணிகளைக் கோத்த சரவிளக்கு. ஒவ்வோர் அறையும் ஒரு கலைஞரின் படைப்பு. பல நாட்டினரும் ஆண்டுதோறும் தங்கள் எண்ணத்தை எழுதியனுப்பி விண்ணப்பிக்கிறார்கள். தேர்வு பெற்றவர்களுள் பனியை அதற்குமுன் தொட்டறியாதவர்களும் உண்டு. அவர்கள் செதுக்கியவை ஏப்ரல், மே மாதங்களில் உருகி, எந்த ஆற்றிலிருந்து வந்தனவோ அந்த ஆற்றுக்கே திரும்பிவிடும். அதை அறிந்தே உளியை எடுக்கிறார்கள். மாக்கோலம் போடும் நம் பெண்களுக்கு இதன் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2016 நவம்பரில் இதற்கு ஒரு மாறுதல் வந்தது. ஆண்டு முழுவதும் கரையாத கட்டடமொன்று பக்கத்திலேயே திறக்கப்பட்டது. மறையாத கதிரவனை நினைவில் வைக்கச் சொன்னேனல்லவா? கோடையில் அந்த ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்து, அம்மின்சாரத்தால் பனியை உறைநிலையில் காக்கிறார்கள். பனியை உருக்கவல்ல கதிரவனையே பனிக்குக் காவல் வைத்த சாமர்த்தியம் இது. ஆயினும் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது: உருகாத பனி பாதி அழகை இழந்துவிடுகிறது. மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. 1979 தொடங்கி நாற்பதாண்டுகளில் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாகச் சூடேறியிருக்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆற்றுப் பனியை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அது தொலைவிலுள்ள செய்தியன்று.

நிலைபெற்றது எது என்று அப்பகுதியில் சொல்வதும் எளிதன்று. இரும்புச் சுரங்கம் அடியில் அரித்துவருவதால் கிருணா நகரமே இடம்பெயர்ந்து வருகிறது. 1912இல் கட்டி முடித்த அதன் பெரிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே பெயர்த்து, இரண்டு நாட்களில் ஐந்து கிலோமீட்டர் உருட்டிச் சென்று வேறிடத்தில் வைத்தார்கள்.

பனி விடுதியில் இரவு தங்குபவர், தம் மூட்டை முடிச்சுகளையெல்லாம் வெப்பமூட்டிய வேறொரு கட்டடத்தில் வைத்துவிட்டு, கம்பளி உள்ளாடையோடு தம் அறைக்கு வருகிறார். பனிக்கட்டிக் கட்டில்தான், ஆனால் அதன்மேல் மெத்தையும் துருவ மான் தோலும் உண்டு. வாசலில் காவலர் இல்லை. தாங்க முடியாவிட்டால் எழுந்து வெப்ப அறைக்குப் போய்விடலாம். விடியற்காலையில் பணியாளர் ஒருவர் வந்து, லிங்கன்பெரி என்னும் சிவந்த காட்டுப் பழச்சாற்றைச் சுடச்சுடக் கோப்பையில் ஊற்றி நீட்டி, உறக்கம் எப்படி என்று கேட்கிறார்.