களிமண்ணும் விசுவாசமும்



சமய உணர்வைக் கலையின் வாயிலாக வெளிப்படுத்த முனையும் இளைஞருக்கு ஒரு சங்கடம் உண்டு. சொல்ல வேண்டிய செய்தி நெஞ்சிலே நிறைந்திருக்கும். அதனைச் சொல்லுதற்குரிய கருவியோ கைக்குப் பழகாதிருக்கும். ஆதலால் அவர் எழுதும் நாடகத்திலே தேவதூதன் நீண்ட பிரசங்கம் செய்வான்; மேய்ப்பர்கள் அசையாது நின்று கேட்டுக்கொண்டிருப்பர். மார்கழி மாதத்தில் நம் பாடசாலைகளில் நடைபெறும் ஒளிவிழாக்களிலே இக்காட்சியைப் பன்முறை கண்டிருக்கின்றேன். இந்நாளில் நாடகத்தோடு அமையாது, கைத்தொலைபேசியின் துணைகொண்டு களிமண் உருவங்களை அசையச் செய்து குறும்படம் ஆக்கும் மாணவரும் உளர். அவர்கள் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "படத்திலே சமயக் கருத்தை எவ்விடத்தில் வைப்பது?"

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது குருவாக விரும்பி இறையியல் கற்கப் புகுந்து, பின்னர் களிமண்ணைக் கையிலெடுத்த ஆர்ட் குளோக்கி என்னும் அமெரிக்கரின் வரலாறாகும்.

குளோக்கி 1921 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12 ஆம் திகதி டெற்றொயிற் நகரிலே பிறந்தார். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆதர் சாள்ஸ் பரிங்டன் என்பது. அவர் சிறுவராயிருந்தபோதே பெற்றோர் மணமுறிவு பெற்றுப் பிரிந்தனர். தந்தையோடு வாழ்ந்த பிள்ளை, ஒன்பது வயதளவில், மோட்டார் விபத்தொன்றிலே அத்தந்தையையும் இழந்தது. கலிபோணியாவிலிருந்த தாயிடம் அனுப்பப்பட்டபோது, ஆங்கு மாற்றாந்தந்தை அவரை ஏற்க விரும்பவில்லை. தாய் உயிரோடிருக்கவும் அச்சிறுவர் சிறுவர் இல்லமொன்றிலே வளர வேண்டியவரானார்.

அந்நிலையிலே அவரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டவர் ஜோசப் குளோக்கி என்பவர். இவர் தேவாலய இசைக்கெனப் பல பாடல்களை இயற்றியவர். ஓகன் வாத்தியம் வாசிப்பதில் வல்லவர். கலிபோணியாவிலுள்ள பொமோனா கல்லூரியிலே இசை கற்பித்தவர். இப்பெரியார் பிள்ளைக்குத் தம் பெயரை வழங்கியதோடு நின்றுவிடவில்லை. ஓவியம் வரையவும் படக்கருவியைக் கையாளவும் பழக்கினார்; மெக்சிக்கோவுக்கும் கனடாவுக்கும் உடனழைத்துச் சென்று உலகைக் காட்டினார். கைவிடப்பட்ட பிள்ளையை அன்பினால் மீட்டெடுத்தல் என்பதனைக் குளோக்கி வேதப்புத்தகத்திலே படிக்கும் முன்னரே தம் வாழ்விலே கண்டார் எனலாம்.

பொமோனாவிலே புவிச்சரிதவியல் கற்றுக்கொண்டிருந்த குளோக்கி, 1943 ஆம் ஆண்டிலே படிப்பை இடைநிறுத்திப் போர்ச்சேவைக்குச் சென்றார். போர் முடிந்தபின், 1948 ஆம் ஆண்டிலே ஒகையோ மாநிலத்து மியாமிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் கனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்போட் இறையியற் கல்லூரியிலே சேர்ந்தார். எப்பிஸ்கொப்பல் சபையின் குருவாக வேண்டும் என்பதே அவர் எண்ணம். நம் நாட்டிலே அங்கிலிக்கன் சபை என வழங்குவதன் அமெரிக்கக் கிளையே அச்சபையாகும். ஆங்குப் பயிலும் காலத்திலே லூத்தரன் குருவானவர் ஒருவரின் மகளாகிய ரூத் என்பாரை மணந்தார்.

குருப்பட்டம் பெறுமுன்னரே அவர் கல்லூரியை விட்டு நீங்கினார். விசுவாசம் குன்றியமையால் நீங்கினாரல்லர். சமயத் திரைப்படங்களை ஆக்குவதே தமக்குரிய ஊழியம் என அவருக்குத் தோன்றியது. மனைவியோடு கலிபோணியாவுக்குத் திரும்பி, ஆசிரியத்தொழில் செய்து பிழைத்துக்கொண்டே, தென் கலிபோணியப் பல்கலைக்கழகத்திலே திரைப்படக் கலை பயின்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் சிலாவ்கோ வொர்க்கப்பிச். சேர்பிய இனத்தவராகிய இவர் 1894 ஆம் ஆண்டிலே பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, ஹொலிவூட்டிலே துண்டுக் காட்சிகளை இணைத்துப் பொருள் தோற்றுவிக்கும் கலையிலே பெயர்பெற்றவர். திரைப்படம் என்பது படம் பிடிக்கப்பட்ட நாடகம் அன்று. இயக்கமே அதன் மொழி. திரையிலே ஓர் உருவம் விரிந்தாலும் சுருங்கினாலும் பார்ப்பவன் உடலே அதனை உணர்கின்றது என்பது அவர் கற்பித்த பாடத்தின் சாரம்.

இப்பாடத்தைச் சோதித்துப் பார்க்கவே குளோக்கி ஒரு மாணவப் படத்தை ஆக்கினார். 1953 ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்டு 1955 ஆம் ஆண்டிலே வெளிவந்த அப்படத்தின் பெயர் 'கம்பேசியா'. டிஸ்னி நிறுவனத்தார் 1940 ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'பன்டேசியா' என்னும் படத்தின் பெயரை விளையாட்டாகத் தழுவியது அது. ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் அப்படத்திலே கதை இல்லை; மாந்தர் இல்லை; பேச்சும் இல்லை. பலநிறக் களிமண் உருண்டைகளும் கட்டைகளும் கூம்புகளும் ஜாஸ் இசைக்கேற்ப எழுகின்றன, உருள்கின்றன, ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன. அவ்வளவே.

இத்தகைய படம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. திரைப்படம் ஓடும்போது வினாடிக்கு 24 படங்கள் நம் கண்முன் செல்கின்றன. களிமண்ணைச் சிறிதளவு அசைத்து ஒரு படம் பிடித்தல் வேண்டும். மீண்டும் சிறிதளவு அசைத்து மற்றொரு படம் பிடித்தல் வேண்டும். இவ்வாறு மூன்று நிமிடத்துக்கு 4,320 படங்கள் தேவை. ஒவ்வொரு நிலையையும் இருமுறை பிடித்தாலும், மண்ணை 2,160 தடவை கைதொட்டு மாற்றுதல் வேண்டும். விளக்கின் வெப்பத்தினால் மண் இளகும், கைரேகை பதியும், கவனமின்றி மேசையை ஒருமுறை தட்டிவிட்டால் அதுவரை செய்த வேலை வீணாகும். அவசரக்காரருக்கு இக்கலை இடங்கொடாது.

சமயப்படம் ஆக்க வேண்டும் என்று குருக் கல்லூரியை விட்டுவந்தவர் முதலிலே ஆக்கிய புகழ்பெற்ற படத்தில் இறைவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது முரண்பாடாகத் தோன்றலாம். எழுத்தறியாதவன் வேதவசனத்தை எழுத முடியாது. அதுபோல, இயக்கத்தின் மொழியை அறியாதவன் அம்மொழியிலே விசுவாசத்தைப் பேச முடியாது. குளோக்கி முதலில் அரிச்சுவடி கற்றார்.

ட்வென்ரியத் செஞ்சரி பொக்ஸ் நிறுவனத்துத் தயாரிப்பாளராகிய சாம் எங்கல் என்பவரின் மகனுக்குக் குளோக்கி ஆசிரியராயிருந்தார். எங்கல் 'கம்பேசியா'வைப் பார்த்து வியந்து, இம்முறையிலே சிறுவருக்கான கதைப்படம் ஆக்குமாறு தூண்டிப் பொருளும் உதவினார். அதன் பயனாகத் தோன்றியதே கம்பீ என்னும் பச்சைநிறக் களிமண் சிறுவன். நம் செவிக்கு அப்பெயர் இரும்புக் கம்பியை நினைவூட்டும்; உண்மையிலோ, மிச்சிகன் மாநிலத்திலே தம் பாட்டனார் தோட்டத்திற் கண்ட ஒட்டுமண்ணின் பெயரிலிருந்தே குளோக்கி அதனை ஆக்கினார். 1956 ஆம் ஆண்டிலே 'ஹௌடி டூடி' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே தோன்றிய கம்பீ, 1957 ஆம் ஆண்டிலே தனி நிகழ்ச்சியாயிற்று.

கம்பீயின் தலை ஒருபுறம் மேடிட்டுச் சாய்ந்திருக்கும். குளோக்கியின் பிறப்புத் தந்தையார் இளைஞராயிருந்தபோது எடுத்த நிழற்படம் ஒன்றிலே, அவர் முன்மயிர் வாரலுக்கு அடங்காது ஒருபுறம் எழுந்து நிற்கும். அச்சாயலையே மகன் மண்ணிலே வைத்தார். ஒன்பது வயதிலே இழந்த தந்தையைப் பல கோடிச் சிறுவர் சிரித்துப் பார்க்கும் உருவமாக அவர் மீளக் கண்டார். மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டான் என்னும் ஆதியாகமக் கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இச்செய்தி நெஞ்சைத் தொடாதிராது.

இதன் பின்னரே அவர் முதலில் நாடிய ஊழியம் அவரைத் தேடி வந்தது. அமெரிக்க ஐக்கிய லூத்தரன் திருச்சபையார் சிறுவருக்கான தொலைக்காட்சித் தொடரொன்றை ஆக்க விரும்பிக் குளோக்கியை நாடினர். 1960 ஆம் ஆண்டளவில் தயாரிப்புத் தொடங்கிய அத்தொடரின் பெயர் 'டேவியும் கொலயத்தும்'. வேதப்புத்தகத்திலே தாவீதும் கோலியாத்தும் பகைவர். இத்தொடரிலோ டேவி ஒரு சிறுவன்; கொலயத் அவன் நாய். நாயின் பேச்சு டேவிக்கு மாத்திரமே கேட்கும். கதைகளைத் திருச்சபையார் வழங்கினர். மூட்டுக்களையுடைய பொம்மைகளை அசைவூட்டும் பணியைக் குளோக்கியும் ரூத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் செய்தனர்.

ஒவ்வொரு கதையும் கால் மணி நேரம் ஓடும். டேவி சொற்கேளாமற் சென்று வழிதவறுவான், பொய் சொல்வான், அயலவன்மேற் சினங்கொள்வான், பின்னர் தவறுணர்ந்து திருந்துவான். பிற்காலக் கதைகளிலே ஜோனதன் என்னும் கறுப்பினச் சிறுவன் டேவியின் தோழனாக வருகின்றான். நிறவேற்றுமை கொடுமையாக நிலவிய நாட்டிலே, இரு பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவதைக் காட்டியதே பெரும் பிரசங்கமாகும். சில கதைகளிலே போதனை கதையை முந்திவிடுகின்றது என்பதையும் மறைத்தலாகாது. அத்தகைய இடங்களிலே பொம்மைகளும் உயிரற்றுத் தோன்றுகின்றன.

பிற்காலத்திலே குளோக்கியின் தேட்டம் ஒரு திருச்சபையின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. கீழைத்தேயத்து ஞானமார்க்கங்களையும் நாடினார். இந்தியாவுக்குச் சென்று சத்திய சாயி பாபாவைத் தரிசித்தார். 2010 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் திகதி, 88 ஆவது வயதிலே, கலிபோணியாவில் அவர் உயிர் நீத்தார்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட மாணவர் வினாவுக்கு இப்போது வருகின்றேன். சமயக் கருத்தை எவ்விடத்தில் வைப்பது? நல்ல சமாரியன் கதையைப் படமாக்கும் பிள்ளைகள் இறுதியிலே ஒரு குரலை வைத்து அறிவுரை கூறுவிக்கலாம். அதனினும், காயம்பட்டவனைக் கண்டதும் சமாரியன் நடை தளர்ந்து நிற்பதையும், குனிவதையும், அவன் கை நீள்வதையும் எண்பது படங்களிலே பொறுமையாக ஆக்கிக் காட்டுவாராயின், இரக்கம் எத்தகையது என்பதைப் பார்ப்பவர் தாமே அறிந்துகொள்வர். ஆக்கிய பிள்ளைகளோ அவருக்கு முன்பே அறிந்திருப்பர். ஒரு கை நீளுவதை எண்பது முறை தம் விரலால் நகர்த்திய பிள்ளை, அக்கை எதற்காக நீளுகின்றது என்பதை எளிதிலே மறவாது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளைகள் ஆக்கும் முதற் படத்திலே இறைவனின் பெயர் இல்லையே என்று குறைகூறாதிருப்போம். வெறும் மண்ணுருண்டைகள் உருள்வதைக் கண்டு இகழாதிருப்போம். சொல்லுதற்குரிய கருவி கைவசப்படும் நாளிலே, நெஞ்சில் உள்ளது தானே வழி கண்டு வெளிப்படும்.