கிளர்ச்சியாளரும் பயங்கரவாதியும்: சபரகமுவவிலிருந்து ஒரு நோக்கு

அரநாயக்கவின் தேயிலை மலைகளிலிருந்து மாவனல்லைக்கு இறங்கி, கொழும்பு–கண்டி வீதியை அடைவோர்க்கு உதுவன்கந்த என்னும் பாறைக்குன்று தொலைவிலன்று. 1864 மே 7ஆந் திகதி கண்டியிலே தூக்கிலிடப்பட்ட சரதியலின் மறைவிடம் அதுவே. காலனித்துவ ஆவணங்களில் அவன் கொள்ளைக்காரன், கொலைஞன். சிங்களக் கிராமியக் கதைமரபிலோ செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்தவன். அவனது கூட்டத்தைப் பிடிக்கச் சென்ற சபான் என்னும் பொலிஸ்காரர் கொல்லப்பட்ட மார்ச் 21ஆந் திகதியைப் பொலிஸ் திணைக்களம் தன் வீரர் நாளாக நினைவுகூர்ந்து வந்துள்ளது. எரிக் ஹொப்ஸ்போம் ஆராய்ந்த 'சமூகக் கொள்ளையர்' என்னும் வகைமைக்குச் சரதியல் எவ்வளவு பொருந்துவான் என்பது தனியே நோக்கப்படவேண்டியது. ஈண்டு எமக்கு வேண்டுவது பெயர்பற்றிய வினா மாத்திரமே. ஆயுதமேந்திய ஓர் இயக்கத்தைப் 'பயங்கரவாத இயக்கம்' என வகுத்தல் வரலாற்று விளக்கத்துக்கு உதவுமா?

பெயர் என்பது சொல்வோனைப் பொறுத்தது எனக் கூறி ஒதுங்கிக்கொள்ளுதல் முற்போக்கு வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்விடை பாதி உண்மையே. எஞ்சிய பாதியைக் காண்பதற்கு அதே கேகாலை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு துணைசெய்யும்.

1971 ஏப்ரல் 5ஆந் திகதி மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) தொடங்கிய கிளர்ச்சியில் கேகாலை முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. மாவட்டத்தின் சில பகுதிகள் அரசின் பிடியிலிருந்து சிலகாலம் நழுவின. கிளர்ந்தோர் பெரும்பாலும் சுயமொழிக் கல்வி பெற்றும் அதற்கேற்ற தொழில் பெறாத கிராமப்புறச் சிங்கள இளைஞராவர். அவர்களை எதிர்கொண்டதோ லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம். அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் யூனியன், இந்தியா, பாகிஸ்தான் யாவும் அதற்கு உதவின. சூ என்லாய் ஆதரவுக் கடிதம் எழுதினார். உத்தியோகபூர்வக் கணக்கின்படி மாண்டோர் ஏறத்தாழ 1,200 பேர். ஏனைய மதிப்பீடுகள் அதனைப் பன்மடங்காகக் காட்டுவன. ஏறத்தாழ 16,000 பேர் தடுத்துவைக்கப்பட்டனர். கதிர்காமத்திலே பிரேமவதி மனம்பேரி என்னும் இளம்பெண்ணைப் படையினர் கொன்ற விதம் இன்றும் மறக்கப்படவில்லை. அடக்குமுறை மென்மையானதன்று.

ஆயினும், பிரதான வழக்கிலே சாட்டப்பட்ட குற்றம் மகாராணிக்கெதிராகப் போர் தொடுக்கச் சதிசெய்தமை என்பதாகும். குற்றவியல் நீதி ஆணைக்குழுவைத் தோற்றுவித்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் சான்றுவிதிகளைத் தளர்த்திய கொடுஞ்சட்டமே எனினும், அதன்முன் நின்றவர்கள் அரசியற் பகைவராகவே கருதப்பட்டனர். 1974இல் ஆயுட்சிறைத் தண்டனை பெற்ற ரோஹண விஜேவீர 1977 நவம்பரில் விடுதலையானார். 1982இல் ஜனாதிபதித் தேர்தலிலும் போட்டியிட்டார். 'கிளர்ச்சியாளர்' என்னும் பெயர், மீண்டு வருவதற்கு ஒரு வாயிலைத் திறந்துவைத்திருந்தது.

இக்கிளர்ச்சியில் சபரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளரின் இடம் யாது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைக்கணக்கில் பங்கிடப்பட்ட மக்கள் அவர்கள். ஜே.வி.பி. தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் இத்தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியாகவே காணப்பட்டனர். மார்க்சியத்தின் பேரால் எழுந்த ஓர் இயக்கம் நாட்டின் மிகப்பெரிய பாட்டாளித் தொகுதியைப் புறத்தே நிறுத்தியமை, அதன் சிறுபூர்ஷ்வா அடித்தளத்தைக் காட்டப் போதுமான சான்றாகும். 'பயங்கரவாதம்' என்ற சொல்லைக் கொண்டு இவ்வியக்கத்தை விளக்கப் புகுவோர்க்கு இவ்வுண்மை புலப்படாது. அவ்வொற்றைச் சொல்லுள் வேலையற்ற இளைஞனுமில்லை, லயத்துக் குடும்பமுமில்லை.

1978இல் விடுதலைப் புலிகளையும் அவைபோன்ற இயக்கங்களையும் தடைசெய்யும் சட்டமும், 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச்சட்டமும் நிறைவேறின. வருட முடிவுக்குள் வடக்கிலே பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பிரிகேடியர் வீரதுங்க பணிக்கப்பட்டார். மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்ட சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. பதினெட்டு மாதத் தடுப்புக்காவலுக்கும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பெறும் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்வதற்கும் அது வழிசெய்தது. ஆனால் பயங்கரவாதம் என்றால் யாதென அச்சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. கொலை, ஆட்கடத்தல், கொள்ளை என்பவற்றோடு, பொது வீதியோரப் பலகையிலுள்ள எழுத்தை அழித்தலும் அதிற் குற்றமாயிற்று. (1958இலே தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசித் திரிந்தோர், இச்சட்டம் இருபதாண்டு பிந்தி வந்தமையால் தப்பினர்!) வரைவிலக்கணமற்ற சொல் செயலைக் குறிக்க இயலாது, ஆகவே அது ஆளைக் குறிக்கத் தலைப்பட்டது.

எவ்வாளை? 1977 ஓகஸ்ட் வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கு ஓடியவர்களைக் குடியமர்த்திய நிறுவனம் காந்தீயம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அகதிகளின் தொகை மேலும் பெருகிற்று. காந்தீயத்தின் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் இருவரும் 1983 ஏப்ரலில் இச்சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 25, 27ஆந் திகதிகளில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளுள் இராஜசுந்தரமும் ஒருவர். அகதிக்குக் காணி தேடிக் கொடுத்தவரும் அப்பெயருக்குள் அடங்கினார். அதே ஜூலை இறுதியில், வன்செயலுக்குப் பொறுப்பெனச் சான்றின்றிக் குற்றஞ்சாட்டி ஜே.வி.பி.யையும் அரசு தடைசெய்தது. 1987–89 காலத்திலே, வடக்கை நோக்கி எழுதப்பட்ட சட்டம் கேகாலைக் கிராமத்துச் சிங்கள இளைஞன்மீதும் பாய்ந்தது.

பிறநாட்டு நிலையும் வேறன்று. 1998 பெப்ரவரியில் கொசோவோ விடுதலைப் படையை ஐயத்துக்கிடமற்ற பயங்கரவாதக் குழு என்றார் அமெரிக்கத் தூதர் கெல்பார்ட். ஜூனில் இன்னொரு தூதரான ஹொல்புரூக் அதன் போராளிகளுடன் அமர்ந்து பேசினார். 1999 மார்ச்சில் நேட்டோ விமானங்கள் சேர்பியாமீது குண்டு வீசின. ஓராண்டுக்குள் மாறியது அல்பேனிய விவசாயியின் நிலைமையன்று, வல்லரசின் தேவையே. விடுதலைப் புலிகள்மீதான தடையும் 2002இற் பேச்சுவார்த்தைக்காக நீக்கப்பட்டு, 2009 ஜனவரியில் மீண்டும் விதிக்கப்பட்டது. ஆயின் கொசோவோவின் பிற்கதையே எமக்கு முக்கியமானது. 2020இல் அதன் தலைவர் ஹஷிம் தாச்சிமீது ஹேக்கிலே சுமத்தப்பட்ட குற்றங்கள் கொலை, சித்திரவதை, துன்புறுத்தல் என்பனவாம். பயங்கரவாதம் என்ற சொல்லின்றியே செயல்கள் தனித்தனியே பெயர் பெற்றன.

இதுவே எமது நிலைப்பாடுமாகும். 1985 மே 14இல் அநுராதபுரத்தில் யாத்திரிகரையும் பயணிகளையும் சுட்டது, 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைக் கொன்றது ஆகியன பயங்கரச் செயல்களே. ஒடுக்கப்பட்ட இனத்தின் போராட்டம் என்னும் நியாயம் அவற்றை மறைக்க உதவாது. நரோத்னிக்குகளின் தனிநபர் பயங்கரத்தை லெனின் மறுத்தமைக்கு, மக்களின் இடத்தில் ஆயுதக் குழு தன்னை வைத்துக்கொள்கிறது என்பதும் காரணம். தொழுகையிலிருந்த கிராமத்தவனைக் கொல்வதற்கு அவ்விமர்சனங்கூட வேண்டியதில்லை. அரசு செய்த கொலைகளுக்கும் அச்சொல் பொருந்தும். 'பயங்கரவாத இயக்கம்' என்னும் பட்டியலோ அரசின் செயல்களைத் தன் இலக்கணத்தாலேயே விலக்கிவிடுகின்றது. அப்பட்டியலை வரலாற்றாசிரியர் கடன்வாங்குவாராயின், இக்குருட்டிடத்தையும் சேர்த்தே பெறுவார்.

2024 செப்டெம்பரில் ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க நாட்டின் ஜனாதிபதியானார். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழிப்பதாக அவரது கூட்டணியின் தேர்தல் விஞ்ஞாபனம் உறுதிகூறியிருந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக எது எழுதப்படினும், அதன் வரைவிலக்கணப் பிரிவையும், தகவல் தெரிந்தும் கூறாமையைக் குற்றமாக்கும் பிரிவையும் முதலிற் படிக்கவேண்டும். வடக்கிலிருந்து வந்த உறவினனுக்கு ஓரிரவு லயக்காம்பிராவில் இடங்கொடுத்த அரநாயக்கத் தோட்டத் தொழிலாளியை 1979ஆம் ஆண்டின் வாசகத்திலே நெருங்கி நின்றது அப்பிரிவுதான்.