முன்பல் உடனடி உள்வைப்பு: வெற்றியின் அளவுகோல் மாறிய வரலாறு

முன்னுரை

பல்லைப் பிடுங்கிய குழியிலேயே, அதே அமர்வில், செயற்கை வேரைப் பொருத்துவது உடனடி உள்வைப்பு எனப்படும். சிரிப்பில் தெரியும் முன்பல்லை இழந்தோர் பெரிதும் விரும்புவது இம்முறையையே. இதன் விளைவுகளை மதிப்பிடும் அளவுகோல் ஏன் மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காத்திருப்பும் உடனடியும்

சுவீடனின் பெர்-இங்வார் பிரனமார்க் 1965இல் தம் முதல் நோயாளிக்கு டைட்டானிய உள்வைப்புகளைப் பொருத்தினார். அவர் வகுத்த நெறிப்படி, உள்வைப்பு கீழ்த்தாடையில் சுமார் 3 மாதமும் மேல்தாடையில் சுமார் 6 மாதமும் ஈறுக்கடியில் சுமையின்றி இருத்தல் வேண்டும். இதற்கு மாறாக, ஜெர்மனியின் டூபிங்கனில் வில்பிரீட் ஷூல்ட்டே 1970களில் அலுமினியம் ஆக்சைடு பீங்கானாலான உடனடி உள்வைப்பை உருவாக்கினார். 1998இல் பீட்டர் வோர்லே, தற்காலிகப் பல்லையும் அன்றே பொருத்திய 14 நோயாளிகளைப் பற்றிப் பதிவுசெய்தார்.

எலும்பின் வெற்றியும் ஈறின் இழப்பும்

ஜோசப் கான் குழுவினர் 2003இல் 35 மேல்முன்பல் உள்வைப்புகளின் ஓராண்டு விளைவை வெளியிட்டனர். அனைத்தும் எலும்போடு ஒன்றியிருந்தன. ஆயினும் ஈறின் முன்விளிம்பு சராசரியாக 0.55 மி.மீ. பின்வாங்கியிருந்தது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விழப்பு 1.13 மி.மீ. ஆயிற்று. தடித்த ஈறுடையோரிடம் 0.56 மி.மீ. ஆக இருந்த இழப்பு, மெல்லிய ஈறுடையோரிடம் 1.50 மி.மீ. ஆக இருந்தது.

இதற்கான காரணத்தை 2005இல் அராவுஜோ, லிண்டே முதலியோர் நாய்களிடம் நடத்திய ஆய்வுகள் விளக்கின. பல்லைச் சார்ந்தே நிலைக்கும் கற்றை எலும்பு, பல் நீங்கியதும் கரைகிறது. உள்வைப்பு அதனைத் தடுப்பதில்லை. மனிதரின் முன்பற்குழிகளில் உதட்டுப்புறச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ. தடிப்பைத் தாண்டுவதில்லை. எனவே, உடனே பொருத்தினால் எலும்பு காக்கப்படும் என்ற தொடக்கக்கால எதிர்பார்ப்பு நிலைபெறவில்லை. பொருத்தும் இடமும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை எவான்ஸ், சென் ஆகியோர் 2008இல் காட்டினர்: உதட்டுப்புறம் சாய்ந்து பொருத்தியவற்றில் ஈறு 1.8 மி.மீ., அண்ணப்புறம் அமைந்தவற்றில் 0.6 மி.மீ. பின்வாங்கியது.

முடிவுரை

‘உள்வைப்பு நிலைத்ததா?’ என்ற வினா, ‘ஈறு எங்கே நிற்கிறது?’ என மாறியதே இவ்வரலாற்றின் சாரம். 2005இல் ஃபூர்ஹவுசர் குழுவினர் ஈறின் தோற்றத்தை 14 மதிப்பெண்களால் அளக்கும் முறையை முன்வைத்ததும் இம்மாற்றத்தின் அடையாளமே. நிலைப்பு விழுக்காட்டை மட்டும் கூறி இச்சிகிச்சையைப் பரிந்துரைப்பது, நோயாளிக்குப் பாதி உண்மையை மட்டுமே சொல்வதாகும்.