செவ்வியல் விளையாட்டுச் சிற்றுந்துகளின் அசல் கலப்புலோகச் சக்கரங்கள்

செவ்வியல் விளையாட்டுச் சிற்றுந்துகளின் அசல் கலப்புலோகச் சக்கரங்கள் என்பவை 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய விளையாட்டுச் சிற்றுந்துகளில் பொருத்தப்பட்ட, அலுமினியம் அல்லது மகனீசியக் கலப்புலோகத்தால் ஆன சக்கரங்கள் ஆகும். இவற்றின் தோற்றத்தைப் பின்பற்றிப் பிற்காலத்தில் ஏராளமான நகல்கள் செய்யப்பட்டன. முன்பக்கத்தைப் பார்த்து அசலையும் நகலையும் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. சக்கரம் செய்யப்பட்ட முறையும் அதன் பின்பக்கமுமே நம்பத்தக்க சான்றுகளைத் தருகின்றன.

பின்னணி

மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை ஆகிய மூன்று உறுப்புகளும் சிற்றுந்துச் சக்கரத்திலும் உண்டு. தொடக்ககாலச் சிற்றுந்துகளில் ஆரக்கால்கள் மரத்தாலோ எஃகுக் கம்பியாலோ ஆனவை. பின்னர் அழுத்தி வடித்த எஃகுத் தட்டு பரவலாயிற்று. 1924 இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டி வகை 35 ஊர்தி வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுடன் ஓடியது. இதுவே கலப்புலோகச் சக்கரத்தின் புகழ்பெற்ற தொடக்கமாகக் கருதப்படுகிறது.

சக்கரம், வட்டகை, தடுப்பி ஆகியவற்றின் எடை வில்சுருள்களால் தாங்கப்படுவதில்லை. இந்த எடை குறைந்தால் சக்கரம் மேடுபள்ளங்களை விரைந்து பின்தொடரும், சாலைப்பிடிப்பு கூடும். ஆகவேதான் பந்தயத்தினர் முதலில் இதை நாடினர். அழகு பிறகு சேர்ந்துகொண்டது.

"அசல்" என்பதன் பொருள்

விற்பவரும் வாங்குபவரும் இச்சொல்லை ஒரே பொருளில் வழங்குவதில்லை. குறிப்பிட்ட ஊர்தி ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த சக்கரம் ஒன்று. அதே காலத்தில் அதே நிறுவனம் செய்து, தனியாக விற்கப்பட்ட சக்கரம் மற்றொன்று. அந்நிறுவனமே பல பதின்மங்களுக்குப் பின் மீண்டும் செய்து விற்பது மூன்றாவது. மூன்றாவதைப் போலி என்பது தவறு. ஆயினும் அதைக் காலத்துச் சக்கரம் என்று விற்பது ஏமாற்றே.

செய்முறையே முதல் அடையாளம்

கோயம்புத்தூர் வார்ப்படச்சாலைகளில் பம்புக் கூடுகள் உருவாவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். மணல் அச்சில் வார்த்த பொருளின் கடைசல் செய்யப்படாத பரப்பு பொறுபொறுவென்று மணலின் தடத்தைத் தாங்கியிருக்கும். நிலையான உலோக அச்சில் வார்த்ததன் பரப்பு வழவழப்பாக இருக்கும். அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடும், வார்ப்பை வெளித்தள்ளிய ஊசிகளின் வட்டத் தடங்களும் காணப்படலாம். ஃபோர்ஜிங் முறையில் சூடேற்றி அழுத்தி உருவாக்கிய சக்கரத்தில் வார்ப்புக்குரிய நுண்துளைகள் இரா. அசல் சக்கரம் எந்த முறையில் செய்யப்பட்டது என்பதை அறிந்துவிட்டால், வேறு முறையில் செய்த நகல் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஃபூக்ஸ் சக்கரம்

செருமனியின் மைனெர்ட்சாகன் நகரிலுள்ள ஓட்டோ ஃபூக்ஸ் நிறுவனம் போர்ஷே 911 எஸ் ஊர்திக்காக இதைச் செய்தது. 1966 இல் அறிமுகமானது. ஐந்து இதழ்களைக் கொண்ட இவ்வடிவம் போர்ஷே வடிவமைப்பாளர் ஹைன்ரிக் கிளீயின் ஆக்கமாகும். அலுமினியக் கட்டியை ஃபோர்ஜிங் முறையில் உருவாக்கி, அதன் விளிம்பைப் பிளந்து உருட்டி வட்டையாக்கினர். 1989 வரை ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

அகலமே காலத்தைச் சொல்லும். 1967 ஆம் ஆண்டு மாதிரியில் 4.5 அங்குலம், 1968 இல் 5.5, 1969 இல் 6 என வட்டை அகன்றது. விட்டம் 15 அங்குலம். 1973 இன் கரேரா ஆர்எஸ் 2.7 இல் முன்னே 6, பின்னே 7 அங்குலம். 6 அங்குலத்திலேயே இரு வகைகள் உண்டு. 1969 முதல் 1971 வரையிலான வகையில் இதழ்கள் நன்கு உட்குழிந்திருக்கும். பின்னர் வந்தது தட்டையானது. முன்னது அரிது, ஆகவே விலை மிகுதி. 1967 ஆம் ஆண்டு ஊர்தி ஒன்று 6 அங்குலச் சக்கரங்களுடன் "ஆலையில் இருந்தவாறே" விற்பனைக்கு வந்தால், அச்சக்கரங்கள் உண்மையான ஃபூக்ஸ் சக்கரங்களாகவே இருந்தாலும் அக்கூற்று பொய்யாகும்.

பின்பக்கத்தில் செய்த நிறுவனத்தின் பெயர், போர்ஷேயின் பாக எண், அளவு, மாதமும் ஆண்டும் கொண்ட தேதி ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தேதி ஊர்தியின் உற்பத்திக்குச் சற்று முன்னதாக இருத்தல் இயல்பு. நான்கு சக்கரங்களின் தேதிகள் ஆண்டுக்கணக்கில் விலகியிருந்தால் அவை பிற்பாடு சேர்க்கப்பட்ட தொகுதி எனலாம். அசல் பரப்பு மின்வேதி முறையில் காப்புப்படலம் ஏற்றப்பட்டு மங்கலான பளபளப்புடன் இருக்கும். கண்ணாடிபோல் மின்னும் ஃபூக்ஸ் சக்கரத்தில் அப்படலம் பெரும்பாலும் தேய்த்து நீக்கப்பட்டிருக்கிறது.

குறுகிய சக்கரத்தை வெட்டி, வளையம் பற்றவைத்து 7 அல்லது 8 அங்குலமாக அகலப்படுத்துவதும் உண்டு. பொறிப்புகள் அசலாகவே இருப்பதால் பலரும் ஏமாறுகின்றனர். வட்டகையைக் கழற்றி வட்டையின் உட்புறத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் பற்றவைப்பின் தடம் கைக்குத் தென்படும்.

மினிலைட்

பிரித்தானியாவில் 1960களில் மினி ஊர்திகளுக்காக உருவான எட்டு ஆரக்கால் சக்கரம் இது. உலகில் மிகுதியாக நகலெடுக்கப்பட்ட சக்கர வடிவங்களுள் இதுவும் ஒன்று. தொடக்ககாலச் சக்கரங்கள் மகனீசியக் கலப்புலோக வார்ப்புகள். நகல்கள் பெரும்பாலும் அலுமினியம். மகனீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம். ஆகவே ஒரே அளவுள்ள இரு சக்கரங்களைக் கையில் தூக்கினாலே வேறுபாடு புலப்படும்.

ஐயம் இருப்பின், வண்ணம் இல்லாத மறைவான இடத்தில் ஒரு துளி வினிகர் இடலாம். மகனீசியத்தில் உடனே குமிழ்கள் எழும். அலுமினியத்தில் அவ்வாறு எழாது. பிறகு அவ்விடத்தை நீரால் கழுவித் துடைக்க வேண்டும். அராவித் தூள் எடுத்துச் சோதிப்பது ஆபத்தானது. மகனீசியத் தூள் எளிதில் தீப்பற்றும். எரியும் மகனீசியத்தின் மீது நீரூற்றினால் தீ மேலும் மூளும்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: தொடக்ககால மினியின் சக்கரம் 10 அங்குலம், அதன் நான்கு மரைகளின் மையவட்டம் 101.6 மில்லிமீட்டர். மாருதி 800 க்கான 12 அங்குலச் சக்கரங்களில் அது 114.3 மில்லிமீட்டர். எட்டு ஆரக்கால் இருப்பதால் மட்டும் மாருதிக்கான சக்கரம் மினிலைட் ஆகிவிடாது. அளவுகோலே இதைத் தீர்த்துவைக்கும்.

இத்தாலியச் சக்கரங்கள்

லம்போர்கினி மியூராவின் மகனீசியச் சக்கரங்களைச் செய்தது காம்பக்னோலோ. மிதிவண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற அதே நிறுவனம்தான். ஃபெராரி டேட்டோனா, டீனோ 246 ஆகியவற்றின் சக்கரங்கள் குரோமோடோரா தயாரிப்புகள்.

காலத்துக்கு ஒவ்வாத குறிகள்

ஜேடபிள்யூஎல் என்னும் குறி சப்பானியக் கலப்புலோகச் சக்கரத் தரத்தைக் குறிப்பது; 1970களில் வந்தது. 1965 ஆம் ஆண்டினது எனப்படும் சக்கரத்தில் இக்குறி இருந்தால் வேறு சோதனை தேவையில்லை.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூரின் பந்தய ஆர்வம் நெடியது. எஸ். கரிவரதன் (1954–1995) மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தய ஊர்தியை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. அவிநாசி சாலையில் 2015 இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் பல பதின்மங்களின் சக்கரங்களை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற இடமாகும்.

2021 இல் நடுவண் அரசு பழம்பெரும் ஊர்திகளுக்குத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அசல் வடிவில் பேணப்படும் ஊர்திகளுக்கு இவை பொருந்தும். அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றின் மாற்றத்தையே விதி சுட்டுகிறது. சக்கரத்தின் அசல்தன்மை சேகரிப்பாளர்களின் அக்கறையாகவே உள்ளது.

பாதுகாப்பு

அசல் என்பதால் ஒரு சக்கரம் ஓட்டத் தகுந்தது ஆகிவிடாது. மகனீசியம் ஈரத்தில் விரைந்து அரிக்கப்படும். வண்ணத்தின் அடியில் அரிப்பு வெளியே தெரியாமல் பரவும். மரைத்துளைகளைச் சுற்றியும் ஆரக்கால் வட்டையைச் சேரும் இடத்திலும் மயிரிழை விரிசல்கள் தோன்றலாம். வண்ணத்தை வேதிமுறையில் நீக்கி, வார்ப்படத் தொழிலில் வழங்கும் சாய ஊடுருவல் சோதனை செய்தால் பரப்பிலுள்ள விரிசல்கள் வெளிப்படும். விரிசலுற்ற மகனீசியச் சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்டுவது உகந்ததன்று. பல சேகரிப்பாளர்கள் அசலைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, சாலைக்கு நல்ல நகலைப் பூட்டுகின்றனர்.