யாருடைய துணிச்சல்?

1931 மார்ச் 15 அன்று சென்னை மியூசிக் அகாடமி ஒரு சதிர் நிகழ்ச்சியை நடத்தியது. ஆடியவர்கள் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர்கள். அன்று பெரிய கூட்டம் வரவில்லை. ஆனாலும் சபாக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த நாளைத் துணிச்சலான நாளாகவே குறிப்பிடுகிறார்கள். அதில் தவறில்லை. அந்தத் துணிச்சலில் யார் எதைப் பணயம் வைத்தார்கள், அதன் பலன் கடைசியில் யார் கைக்குப் போனது என்று கேட்கும்போதுதான் நமக்கு அந்த வரலாறு வேறுவிதமாகத் தெரிகிறது.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதை நடத்தியவர்களும் ஆதரித்தவர்களும் பெரும்பாலும் படித்த, மேல்சாதி ஆண்கள்: வக்கீல்கள், டாக்டர்கள், அதிகாரிகள். அந்த வட்டத்தில் வித்வான்களின் வாய்ப்பாட்டு பாதுகாப்பான தேர்வு; யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சதிர் அப்படியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே நாட்டிய எதிர்ப்பு இயக்கம் அதை ஒழுக்கக்கேடு என்று பிரச்சாரம் செய்துவந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் மசோதாவும் அப்போது விவாதத்தில் இருந்தது.

இந்தச் சூழலில் சதிரை மேடையேற்ற வேண்டும் என்று பாடுபட்டவர் வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர். அவரே சதிர் கற்று, பெண் வேடமிட்டு ஆடியவர். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். வேடத்தைக் கலைத்துவிட்டு அவர் மறுநாள் கோர்ட்டுக்குப் போகலாம். ராஜலட்சுமிக்கும் ஜீவரத்தினத்துக்கும் கலைக்க வேடம் எதுவும் இல்லை. 'தாசி' என்ற சொல் அவர்களோடு வீடுவரை வந்தது.

எதிர்த்தரப்பில் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதன் துயரத்தை மிக அருகிலிருந்து அறிந்தவர் என்பதால் அவருடைய கோபத்தை வெறும் ஒழுக்கவாதம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1932இன் இறுதியில் சென்னை மாகாண முதலமைச்சரான பொப்பிலி ராஜாவுக்கு அளித்த வரவேற்பில் தேவதாசிகளின் நடனம் இடம்பெற்றது. முத்துலட்சுமி அதைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார். கடிதங்கள் தொடர்ந்தன. அந்த ஆண்டு இறுதியில் அகாடமியின் மாநாட்டிலும் இந்த விஷயம் விவாதிக்கப்பட்டது. 1933 ஜனவரி 1 அன்று அதே கல்யாணி மகள்கள் மீண்டும் ஆடியபோது கூட்டம் பெருகியது. சர்ச்சையே விளம்பரமாகிவிட்டது. அதே ஆண்டு பாலசரஸ்வதியும் அகாடமியில் ஆடினார்.

முத்துலட்சுமியும் கிருஷ்ண ஐயரும் எதிரெதிராக நின்றாலும், இருவருடைய வாதங்களும் ஓரிடத்தில் சந்தித்தன. கலை வேறு, தாசி முறை வேறு. முறையை ஒழித்துவிட்டுக் கலையைக் காப்பாற்றலாம் என்றார் கிருஷ்ண ஐயர். முறை ஒழிந்தால்தான் பெண்களுக்கு விடுதலை என்றார் முத்துலட்சுமி. முறையிலிருந்து பிரித்தெடுக்க முடிகிற கலையை அதைச் சுமந்துவந்த பெண்களிடமிருந்தும் பிரித்தெடுத்துவிடலாம் என்பதுதான் அடுத்த படி. இதற்கிடையில் தேவதாசிகள் தாங்களே சங்கம் அமைத்து அரசுக்கு மனு கொடுத்திருந்தார்கள். தங்களுக்குக் கல்வி வேண்டும் என்றார்கள். வாழ்வையும் கலையையும் சேர்த்துப் பறிக்க வேண்டாம் என்றார்கள். அந்தக் குரலுக்குச் சட்டசபையிலும் மதிப்பில்லை, சபாவிலும் மதிப்பில்லை.

அடுத்த படி விரைவிலேயே வந்தது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ருக்மிணி தேவி ஆடினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கல்யாணி மகள்களின் அதே ஆசிரியர், மீனாட்சிசுந்தரம் பிள்ளை. மயிலாப்பூர் கௌரி அம்மாளும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு பிராமணப் பெண் மேடையில் ஆடுவது அன்று சிறிய காரியமில்லை; அதற்கும் துணிவு வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் துணிவு அவருக்கு மரியாதையாகத் திரும்பி வந்தது. சிருங்காரம் அடக்கப்பட்டது. உடை, மேடையமைப்பு எல்லாம் மாறின. சதிர் என்ற பெயர் மங்கிப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' கற்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் அபாயமான தேர்வாக இருந்த நாட்டியம், இருபது முப்பது ஆண்டுகளில் சபாக்களின் மிகப் பாதுகாப்பான தேர்வுகளில் ஒன்றானது.

1947இல் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. கோயிலிலும் சுவாமி ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது. இதன் பொருளை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். மரபுவழி ஆடிவந்த பெண்ணுக்கு முன்பு கோயில் இருந்தது, ஊர்வலம் இருந்தது, கல்யாண வீடு இருந்தது. சட்டத்துக்குப் பிறகு சபா மேடைதான் மிஞ்சியது. அந்த மேடைக்கோ இப்போது வேறு வீட்டுப் பெண்கள் கிடைத்துவிட்டார்கள். நட்டுவனார்கள் ஆசிரியர்களாகத் தொடர முடிந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆடுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே குடும்பத்துக்குள் ஆண்களின் தொழில் பிழைத்தது. பெண்களின் தொழில் அழிந்தது.

பாலசரஸ்வதி இல்லையா என்று கேட்கலாம். இருந்தார். 1973இல் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டமும் அளித்தது. 1942 முதல் அளிக்கப்பட்டுவந்த அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்கு முதலில் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. இருவருமே அந்த மரபிலிருந்து வந்தவர்கள்தான். சிருங்காரத்தைச் சுத்திகரிக்கத் தேவையில்லை, அதுவே இந்தக் கலையின் உயிர் என்று பாலா கடைசிவரை வாதாடினார். 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், அலாரிப்பிலிருந்து தில்லானா வரையிலான வரிசையை ஒரு கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு விளக்கினார். சட்டம் கோயிலை மூடிய பிறகு, அந்த மரபின் மகள் ஒருத்தி தன் கச்சேரியையே கோயில் என்றாள். ஆனால் ஒரு பாலாவைக் கொண்டாடுவது, காணாமல் போன நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஈடாகாது. பாலாவுக்கும் ருக்மிணி தேவிக்கும் கற்றுக்கொடுத்த கௌரி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும் மாணவிகள் முத்துலட்சுமி பக்கமா, கிருஷ்ண ஐயர் பக்கமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. முத்துலட்சுமி இல்லாவிட்டால் பல சிறுமிகளின் வாழ்க்கை பாழாகியிருக்கும். கிருஷ்ண ஐயர் இல்லாவிட்டால் சதிர் மேடைக்கே வந்திருக்காது. இரண்டும் உண்மை. ஆடிய பெண்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

சபாக்களின் துணிச்சலை அளக்க ஒரு கோலை இந்த வரலாறே நமக்குத் தருகிறது. முதல் வருடம் யாரை மேடையேற்றினார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. அபாயம் தீர்ந்து, டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகு அதே மேடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நிருத்யா பிள்ளை போன்ற மரபுக் குடும்பத்துப் பெண்கள் இன்று ஆடியும் எழுதியும் தங்கள் இடத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் சலுகை கேட்கவில்லை. 1931இல் தங்கள் பாட்டிகள் பணயம் வைத்ததன் கணக்கைக் கேட்கிறார்கள்.