பழவேற்காட்டில் விலைபோன மனிதர்கள்



"காவலூரா? டெலஸ்கோப் இருக்கிற ஊர்தானே?" முதல் நாள் வகுப்பில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் என்னை இப்படித்தான் விசாரித்தார். பிறகு ஒருநாள் அவர் அட்லாண்டிக் அடிமை வாணிபம் நடத்தினார். ஐரோப்பாவிலிருந்து துணியும் துப்பாக்கியும் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அங்கே அவற்றுக்கு ஈடாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் அமெரிக்கா போகும். அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் புகையிலையும் ஐரோப்பாவுக்குத் திரும்பும். ஏறக்குறைய 350 ஆண்டுகளில் கப்பலேறியவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் 15 லட்சம் பேருக்கு மேல் கரை சேரவே இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து நான் எழுந்து, "சார், அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "பழவேற்காட்டைப் பத்திப் படிச்சுட்டு வந்து நீயே சொல்லு" என்றார். அந்தப் பதிலைத்தான் இத்தனை வருஷம் கழித்து இந்த மலரில் எழுதுகிறேன்.

முதல் சம்பந்தம் துணி. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த சரக்கில் நம் சோழமண்டலக் கரை நெசவாளர்கள் நெய்த துணியும் இருந்தது. அவுரிச் சாயமிட்ட அந்த நீலத்துணிக்குக் 'கினித்துணி' என்றே பெயர். நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது சம்பந்தம் இன்னும் கசப்பானது. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கட்டிய கெல்டிரியா கோட்டை 1613-இல் முடிந்தது. மிளகு, துணியோடு மனிதர்களையும் அந்தக் கம்பெனி வாங்கியது. பஞ்சமோ படையெடுப்போ வந்தால் மனிதரின் விலை சரியும். தரகர்கள் கிராமங்களுக்குள் புகுவார்கள். கஞ்சிக்கு வழியில்லாமல் பிள்ளையை விற்றவர்களும் உண்டு, தன்னையே விற்றவர்களும் உண்டு. 1646 பஞ்சத்தில் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, 2,118 பேர் போனார்கள். 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை 1834-இல் ஒழித்தது. அதே ஆண்டிலேயே மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றும் ஏற்பாடு தொடங்கிவிட்டது. சங்கிலிக்குப் பதில் கைநாட்டு வைத்த காகிதம், அவ்வளவுதான். இந்தியாவில் 1843-இல் ஒரு சட்டம், 1860-இல் தண்டனைச் சட்டம், கடைசியாக 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். சட்டம் மூன்று முறை வந்ததென்றால், வழக்கம் எவ்வளவு கெட்டியாக இருந்திருக்கும்!

இதையெல்லாம் காவலூர்க்காரன் ஏன் எழுதுகிறேன்? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் எங்கள் ஜவ்வாது மலை ஆட்களும் இருந்தார்கள். வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் கையில் இன்றும் முதலில் நீளுவது அட்வான்ஸ் பணம்தான். விளைச்சல் பொய்த்த வருஷத்தில்தான் அது இனிக்கும். பழவேற்காட்டுத் தரகனுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

அடிமைக் கப்பல் ஏதோ வேற்றுத் தேசத்துக் கதை என்று நான் அன்று நினைத்தேன். அது நம் துறையிலிருந்தும் புறப்பட்டிருக்கிறது. தம்பி தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, யார் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

சார், கடைசி பெஞ்சுக்காரனின் பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னியுங்கள்.